பேர் வெட்டியாச்சு, இனி காலையில எங்க போறது? மலையகத்துல புதுசா ரிட்டயர் ஆனவங்களுக்கு

ரிட்டயர் ஆகி செக்ரோல்ல (தோட்டத்துப் பேர்ப் பதிவுப் புத்தகத்துல) பேர் வெட்டுன மொத மாசம் எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். மழையில நனைய வேணாம், அட்டைக்கடி இல்ல, பெரட்டுக்கு (காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற எடத்துக்கு) ஓட வேணாம், ஸ்கூல்ல வேலை செஞ்சவங்களுக்கு சைன் போடுற புத்தகத்துல சிவப்புக் கோடு விழுமோன்ற பயம் இல்ல. ரெண்டாவது மூணாவது மாசத்துலதான் ஆளு இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) ஒக்காந்து ரோட்டப் பாக்க ஆரம்பிப்பாரு. வீட்ல உள்ளவங்க மேல காரணமே இல்லாம எரிச்சல் வரும், ஒடம்புல இல்லாத நோவெல்லாம் தெரியும், "நீங்க சும்மா இருங்கப்பா"ன்னு மகன் அன்பா சொன்னாகூட அது வேற மாதிரி காதுல விழும்.

நான் இலங்கை மலையகத்துல ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸ்ல கிளாக்கரா இருந்தவன், எத்தனையோ பேருக்கு ரிட்டயர் பேப்பர் எழுதிக் குடுத்து அப்புறம் எனக்கும் எழுதிக்கிட்டேன். பாத்த வரைக்கும் நல்லா இருக்கிறவங்க பெரிய லட்சியம் வச்சிருக்கிறவங்க கெடையாது. "இன்னும் காணலியே"ன்னு அவங்களத் தேடுற ஒரு எடம், ஒரு ஆளு, ஒரு நேரம் இருக்கும், அவ்வளவுதான். அதை எப்படி உண்டாக்கிக்கிறதுன்னுதான் இங்க சொல்லப் போறேன். ஆனா மொதல்ல காகிதம், ஏன்னா பேங்க்ல காசு வராம லேபர் ஆபீஸுக்கு அலையிற மனுசன்கிட்ட போய் மனநிறைவு பத்தி பேசுனா அடிக்கத்தான் வருவாரு.

மொதல்ல காகித வேலைய முடிங்க

தனியார் கம்பெனி, தோட்டம், கடைன்னு வேலை செஞ்சவங்களுக்கு மூணு வழியில காசு வரணும். ஒண்ணு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), உங்க சம்பளத்துல 8 சதவீதம், கம்பெனி 12 சதவீதம். ரெண்டாவது ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி), கம்பெனி மட்டும் போடுற 3 சதவீதம். மூணாவது கிரேஜுவிட்டி, நம்ம ஆளுங்க சேவைக்காலப் பணம்னு சொல்றது. ஈபிஎப் எடுக்க ஆம்பளைங்களுக்கு 55, பொம்பளைங்களுக்கு 50 வயசு, வேலையையும் விட்டிருக்கணும். ஈபிஎப் ஒரு விண்ணப்பம், ஈடிஎப் இன்னொரு விண்ணப்பம், ஒண்ண குடுத்தா மத்தது தானா வந்துரும்னு நெனச்சுக்கிட்டு வருசக்கணக்கா ஈடிஎப்ப விட்டுட்டு இருக்கிற ஆளுங்க நெறைய. தோட்ட ஸ்டாப்பா இருந்தவங்களுக்கு ஈபிஎப்புக்கு பதிலா ஈஎஸ்பிஎஸ் இல்ல சிபிபிஎஸ்னு தோட்டத்துறைக்கான வேற சேமலாப நிதி இருக்கும், உங்களுது எதுன்னு பழைய சம்பளச் சீட்டுல பாருங்க.

கிரேஜுவிட்டி 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி வர்றது. அஞ்சு வருசமாவது தொடர்ந்து வேலை செஞ்சிருக்கணும். மாசச் சம்பளக்காரங்களுக்கு வருசத்துக்கு அரை மாசச் சம்பளம், நாட்சம்பளக்காரங்களுக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம், ரெண்டுமே கடைசியா வாங்குன சம்பளத்த வச்சுத்தான் கணக்கு. ஒரு அக்கா 30 வருசம் கொழுந்து பறிச்சிருக்காங்க, கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபான்னு வச்சுக்குவோம், 30 தடவ 14 வந்து 420 நாள், அதை 1,350ஆல பெருக்குனா 5,67,000 ரூபா. இந்தக் கணக்க நீங்களே ஒரு கடதாசியில போட்டுப் பாத்துட்டுத்தான் ஆபீஸுக்குப் போகணும். வேலை முடிஞ்சு 30 நாளுக்குள்ள குடுக்கணும்னு சட்டம் சொல்லுது, இழுத்தடிச்சா லேபர் ஆபீஸ்ல முறைப்பாடு குடுக்கலாம்.

இதுல பெரிய தலைவலி பேருதான். பெறப்புப் பத்திரத்துல ராமாயி, ஐடென்டிட்டியில ராமாய், செக்ரோல்ல ராமாயம்மா. அப்பா பேரு ஒண்ணுல முன்னால இருக்கும், ஒண்ணுல இருக்கவே இருக்காது. அந்தக் காலத்துல காதுல விழுந்தத எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க, இப்ப கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குது. சத்தியக் கடதாசி முடிச்சு குடுக்கணும், சிலருக்குப் பெறப்புப் பத்திரத்தையே திருத்த வேண்டி வரும். 1992ல கம்பெனிங்க கைக்குப் போன தோட்டமா இருந்தா பழைய ஈபிஎப் மெம்பர் நம்பர் ஒண்ணு, புது நம்பர் ஒண்ணுன்னு ரெண்டு இருக்கலாம், ரெண்டையும் கேட்டு வாங்குங்க. இன்னும் ரிட்டயர் ஆகாத தம்பி தங்கச்சிமாரு யாராவது இதப் படிச்சா, ஒரு ரெண்டு வருசம் முன்னாடியே இந்தப் பேரு வேலைய முடிச்சு வைங்க.

60 முடிஞ்சதும் முதியோர் அடையாள அட்டைக்கு ஜிஎஸ் (கிராம சேவகர்) மூலமா பிரதேச செயலகத்துல எழுதிக் குடுங்க. ஆஸ்பத்திரி கியூவுல, பேங்க்ல ஒதவும். சின்ன விசயந்தான், ஆனா வாங்கி வைங்க.

காசு வந்த அன்னிக்கு

ஒண்ணும் செய்யாதீங்க. நெசமாத்தான் சொல்றேன். பெரிய தொகை பேங்க்ல விழுந்த செய்தி நீங்க வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடி லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீடுங்களுக்கே) தெரிஞ்சிரும், மருமகனுக்கு த்ரீவீல் வாங்குற ஆசை வரும், மகளோட குழுக்கடன் ஞாபகம் வரும், பத்து வருசமா பேசாத சொந்தக்காரன் பிஸ்கட் பாக்கெட்டோட வருவான். "காசு எப்டியில (நிலையான வைப்புல) போட்டாச்சு, ஒரு வருசம் எடுக்க ஏலாது"ன்னு சொல்றதுதான் இருக்கிறதுலயே மரியாதையான பதில், யாருக்கும் மொகம் கோணாது. அதனால மொத வேலையா ஒரு பெரும் பங்க எப்டியில போட்டுருங்க, மிச்சத்துல வீட்டுக் கூரை, கண்ணு ஆபரேசன் மாதிரி தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தத முடிங்க. பிள்ளைகளுக்குக் குடுக்க வேணாம்னு சொல்லல. குடுக்கிறத ஒரேயடியா குடுக்காதீங்க.

இன்னொண்ணு, கொஞ்சம் கசப்பா இருக்கும். கையில காசும் பொழுதும் ஒண்ணா வந்தா ஆம்பளைங்க கால் சாராயத் தவறணைப் பக்கம் போகும். வேலை செஞ்ச காலத்துல சம்பள நாளுக்கு மட்டும் குடிச்ச ஆளு ரிட்டயர் ஆனதுக்கப்புறம் காலையிலயே ஆரம்பிச்ச கதை எல்லாத் தோட்டத்துலயும் இருக்கு. வெறும் பொழுதுதான் அதுக்குக் காரணம், மனுசன் கெட்டவன் இல்ல. அதனாலதான் அடுத்த விசயம் முக்கியம்.

எந்திரிக்கிற நேரத்த மாத்தாதீங்க

முப்பது நாப்பது வருசம் வெள்ளென எந்திரிச்ச ஒடம்பு, அது பாட்டுக்கு முழிச்சுக்கும். முழிச்சதுக்கப்புறம் போர்வைக்குள்ள கெடந்தீங்கன்னா கண்ட யோசனையும் வரும். எந்திரிச்சு, பீலித் தண்ணியில (பொதுக் குழாய்ல) மூஞ்சி கழுவி, தேத்தண்ணி குடிச்சு, எட்டு மணிக்கு முன்னாடி ஒரு தடவ வீட்ட விட்டு வெளிய போயிருங்க, கடைக்கோ கோயிலுக்கோ சும்மா தேயிலை ஸ்டோர் வரைக்கும் நடந்துட்டோ வாங்க. வேலைக்குப் போட்ட மாதிரியே நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போங்க. சாரத்தோட நாள் பூரா இருந்தா மனசும் சாரத்துலயே இருக்கும், சிரிக்காதீங்க, நெசம்.

மொத மூணு மாசத்துக்கு எந்தக் கமிட்டியிலயும் தலைவர் செயலாளர்னு பதவி ஏத்துக்காதீங்க. ரிட்டயர் ஆனவருன்னு தெரிஞ்சா எல்லாரும் வந்து கேப்பாங்க, வெறும் கையோட இருக்கிறப்ப எல்லாத்துக்கும் சரின்னு சொல்லத் தோணும். பொறுங்க.

பலருக்கு இந்தக் கட்டத்துல கைக்காசு வேலைக்குப் போலாமான்னு யோசனை வரும், கொழுந்து பறிச்சுக் கிலோவுக்கு இவ்வளவுன்னு வாங்குறது. காசு தேவைன்னா போங்க, அதுல கொறச்சல் ஒண்ணும் இல்ல, கூட்டாளிங்களோட மலையில பேசிச் சிரிச்சுக்கிட்டு வர்றதே பாதி மருந்து. ஆனா முட்டி வலிச்சா நிறுத்திக்கிறதுக்கு உங்களுக்கு இப்ப உரிமை இருக்குன்றத மறந்துறாதீங்க.

உங்க கைக்கு என்ன தெரியும்னு பாருங்க

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, மட்டக் கொழுந்து பறிக்கத்தான் தெரியும்" இதுதான் எல்லாரும் சொல்ற பதில். சரி, ஒரு தவறணையில வேலை செஞ்ச அக்காவ எடுத்துக்குவோம், கன்னு போடுற தவறணையச் சொல்றேன், மேல சொன்ன தவறணை இல்ல. தாய்ச்செடியில எந்த வாது (கெளை) முத்தலும் இல்லாம எளசும் இல்லாம இருக்குன்னு தொட்டுப் பாத்தே சொல்லிருவாங்க. ஒரு எலை, ஒரு கணு, சாய்ச்சு ஒரு வெட்டு, எலை மண்ணுல படாம பையில ஊண்டி, வெயில் நேரா விழாம நெழல் கட்டி, ஈரம் காயாமப் பாத்துக்கிட்டா அது வேர் புடிச்சிரும். இதே கையால ரோசா, போகன்வில்லா, ஹைட்ரேஞ்சியா எல்லாம் வாது வெட்டி உண்டாக்கலாம். ஏப்ரல்ல நுவரெலியா சீசனுக்கு வர்ற சனம் ரோட்டோரத்துல பூச்செடி வாங்காமப் போறது கொறவு. அம்பது பையோட ஆரம்பிக்கலாம், பெரிய மொதல் வேணாம்.

தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுனவருக்கு மரம் செடி வெட்டத் தெரியும், பேரி மரமும் கொய்யா மரமும் காய்க்காம நிக்கிற வீடு எல்லா ஊர்லயும் இருக்கு. டிரைவருக்கு வண்டி தெரியும். பிள்ளைக் காம்பராவுல (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்துல) இருந்த ஆயாவுக்கு ஒரே நேரத்துல இருபது பிள்ளைய அமத்தத் தெரியும், அது என்ன லேசுப்பட்ட வேலையா? கிளாக்கர், டீச்சர், கணக்கப்பிள்ளை, இவங்களுக்கு எழுத்து தெரியும், சிங்களமும் ஓரளவு தெரியும். ஒரு பழைய கொப்பியில எழுதுங்க, எழுதத் தெரியலன்னா பேரப்பிள்ளைய எழுதச் சொல்லுங்க, நீங்க செஞ்ச ஒவ்வொரு வேலையையும். பக்கம் நெறையிறதப் பாத்து நீங்களே ஆச்சரியப்படுவீங்க.

உங்களத் தேடுற ஒரு எடத்த உண்டாக்குங்க

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

மலையகத்துல பின்னேரம் ரெண்டு மணியிலருந்து அஞ்சு மணி வரைக்கும் ஒரு ஓட்டை இருக்கு. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துருதுங்க, அம்மா கொழுந்து மலையில இருப்பாங்க, அப்பா கொழும்புல. அந்த நேரத்துல அந்தப் பிள்ளைங்க டிவியும் போனும்தான். நீங்க பாடம் சொல்லிக் குடுக்கணும்னு இல்ல. கோயில் மண்டபத்துலயோ வாசிகசாலையிலயோ உங்க இஸ்தோப்புலயோ ஒரு பாய் விரிச்சு, "நாலு மணி வரைக்கும் எல்லாரும் இங்க ஒக்காந்து வீட்டுப்பாடம் செய்யணும்"னு சொல்லி நீங்களும் பக்கத்துல பேப்பர் வச்சுக்கிட்டு ஒக்காந்தா போதும். எழுத்து தெரியாத தாத்தாகூட இதச் செய்யலாம், பிள்ளை சத்தம் போட்டு வாசிக்கணும், தாத்தா கேக்கணும். "அப்புறம் என்னாச்சு?"ன்னு ஒரு ஆளு ஆசையா கேக்குறப்ப திக்கித் திக்கி வாசிக்கிற பிள்ளை அடுத்த வரிக்குத் தாவும் பாருங்க, பக்கத்துல இருந்து பாக்கணும் அத. எழுத்து தெரிஞ்சவங்க அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பழைய பேப்பர் வாங்கி வாரத்துக்கு ஒண்ணு செய்ய வைங்க. ஒரு நாள் நீங்க வரலன்னா அடுத்த நாள் "தாத்தா ஏன் நேத்து வரல?"ன்னு கேப்பாங்க. கேட்டாங்கன்னா உங்களுக்குன்னு ஒரு பெரட்டு அமைஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

ரெண்டாவது ஓட்டை, பாரம், அதாவது விண்ணப்பப் படிவம். பிரதேச செயலகம், பேங்க், ஆஸ்பத்திரி, எங்க போனாலும் ஒரு பாரம், அதுல பாதி சிங்களத்துல. 1987ல கொண்டாந்த 13ஆவது திருத்தத்துல இருந்து தமிழும் அரசகரும மொழிதான், தமிழ்ப் பாரம் கேட்டு வாங்குற உரிமை நமக்கு இருக்கு, ஆனா கேக்குறதுக்குத் தயங்குறாங்க. வாரத்துல ஒரு நாள் காலையில ஒரு கடை முன்னாடி இல்ல கோயில் வாசல்ல "பாரம் நெரப்பித் தரப்படும்"னு ஒக்காந்தீங்கன்னா வேலைக்குப் பஞ்சமே இருக்காது. காசு வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம், என்னோட அபிப்பிராயம் ஒரு தேத்தண்ணியோட நிறுத்திக்கிறது நல்லது, காசு வாங்குனா அப்புறம் வேலை ஆகலன்னு வந்து சண்டை போடுவாங்க. ஒரே ஒரு கட்டுப்பாடு, மத்தவங்க ஐடென்டிட்டியையும் பேங்க் புத்தகத்தையும் உங்க வீட்ல வாங்கி வைக்காதீங்க.

இது ரெண்டும் ஒத்து வராதவங்களுக்கு மரணாதார சங்கம் (சாவு வீட்டுக்கு ஒதவுற சங்கம்), முதியோர் சங்கம், கோயில். மரணாதார சங்கத்த நான் கோயில் கமிட்டிக்கு மேல சொல்லுவேன், ஏன்னா கோயில் கமிட்டியில திருவிழா முடிஞ்சா சண்டை மட்டும்தான் மிச்சம், சாவு வீட்ல எல்லாரும் ஒண்ணா நின்னுதான் ஆகணும்.

செய்பாகம்

செய்பாகம்னா வீட்டோட உள்ள மரக்கறித் தோட்டம். புது வீடு கெடச்சவங்களுக்கு ஏழு பேர்ச் காணி, லயத்துல இருக்கிறவங்களுக்கு வாசலுக்கு எதிர்ல ஒரு துண்டு. போஞ்சி, பீட்ரூட், லீக்ஸ், நோக்கோல்னு மொதல்லயே எல்லாத்தையும் போடாதீங்க, ஒண்ணு போஞ்சியா இருக்கட்டும், சீக்கிரம் காய்ச்சு மனசுக்கு உற்சாகம் குடுக்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே மாசத்துல புடிக்கிற மழை செப்டெம்பர் வரைக்கும் விடாது, நாத்து பாத்தியிலயே அழுகிரும், அதனால பாத்திய ஒசத்திக் கட்டி வாய்க்கால் எடுக்கணும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த நேரத்துல காஞ்ச காத்து, அங்க உள்ளவங்களுக்கு மார்கழி மழைதான் கணக்கு. நுவரெலியா மேட்டுல தை மாசத்துல வெள்ளையாப் பனி கொட்டுனா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு எலை மேல தண்ணி தெளிச்சு பனியக் கழுவி விடுங்க, வெயில் பட்டதுக்கப்புறம் போனா எலை கருகித்தான் இருக்கும்.

எடம் பத்தலன்னு வீட்டுக்குப் பின்னாடி மண்மேட்ட மட்டும் வெட்டாதீங்க. 2014 ஒக்டோபர்ல கொஸ்லாந்தை மீரியபெத்தையில நடந்த மண்சரிவ நாம யாரும் மறக்கல. மேடு வெடிச்சிருந்தா, ஊத்துத் தண்ணி கலங்கி வந்தா, மரம் சாஞ்சா, செய்பாகமும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஜிஎஸ்கிட்ட சொல்லிட்டு எடத்த மாத்துங்க.

அக்காமாருக்குத் தனியா

ஆம்பளைங்களுக்கு ரிட்டயர் ஆனா வேலை முடியுது. பொம்பளைங்களுக்கு மலை வேலை முடிஞ்சு அடுப்படி வேலை கூடுது, மகள் குவைத்துக்கோ சவுதிக்கோ போயிருந்தா மூணு பேரப்பிள்ளைய வளக்குற பொறுப்பும் சேந்து வருது. உங்களுக்குப் பொழுது போகலன்ற பிரச்சினையே இல்ல, உங்களுக்குன்னு பொழுதே இல்லாததுதான் பிரச்சினை. வாரத்துல ஒரு பின்னேரத்த எடுத்துக்குங்க, "வெள்ளிக்கெழம மூணு மணிக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன்"னு எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிருங்க. பஜனையோ, கூட்டாளி வீடோ, சும்மா டவுனுக்குப் போய் ஒரு வடையும் தேத்தண்ணியுமோ, எதுன்னாலும் சரி. வீட்ல இருக்கிற அண்ணன்மாரே, அன்னிக்கு ரொட்டி தட்டி ஒரு கட்ட சம்பல் அரைக்கக் கத்துக்குங்க, அதுவும் ஒரு புது வேலைதானே.

உங்க கதைய பதிஞ்சு வைங்க

இப்ப அறுவது வயசுல இருக்கிறவங்க, நம்ம சனத்துல பெரும் பங்க இந்தியாவுக்கு அனுப்ப சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட 1964ஐ ஒட்டிப் பெறந்தவங்க. பத்து வயசுல எழுபதுகளோட பஞ்சம், மரவள்ளிக்கெழங்கு. அக்கம்பக்கத்து லயமெல்லாம் காலியாகி தலைமன்னார் ரயில்ல ஏறிப் போனத ஸ்டேசன்ல நின்னு பாத்தவங்க. 1977ல டெவன் தோட்டத்துல தொழிலாளி சிவனு லெட்சுமணன் சுடப்பட்டப்ப வீட்ல பெரியவங்க என்ன பேசுனாங்கன்னு காதால கேட்டவங்க. இது எதுவும் உங்க பேரப்பிள்ளைக்குத் தெரியாது, நீங்க சொல்லாமத் தெரியப் போறதும் இல்ல. பேத்தி போன்ல ரெக்கோடர போட்டு வச்சுட்டு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேக்கட்டும், யாரு மொதல்ல வந்தது, எந்த ஊரு, எந்தத் தோட்டத்துல பேர் பதிஞ்சாங்க, தாலாட்டு என்ன, ஒப்பாரி என்ன. காமன் கூத்துல ரதியா மன்மதனா ஆடுனவங்க, தப்பு அடிச்சவங்க இருந்தா மாசி மாசம் வரைக்கும் காத்திருக்காம இப்பவே ரெண்டு பொடியன்மார கூப்பிட்டு அடவு சொல்லிக் குடுங்க. கம்பளைக்குப் பக்கத்துல ஓல்ட் பீகொக் தோட்டத்துல பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் மியூசியமா ஆக்கி வச்சிருக்காங்க, ஒரு நாள் பேரப்பிள்ளைய கூட்டிக்கிட்டுப் போய் வாங்கெடியும் (இடிக்கிற உரலும்) கொழுந்துக் கூடையும் காட்டுனா கதை தானா வரும்.

ஒடம்பு, மனசு

கிளினிக் நாள விடாதீங்க, பிரஷர் குளிசைய பாதியில நிறுத்தாதீங்க, அவசரத்துக்கு 1990ன்ற நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசு இல்ல. நாலஞ்சு மாசமாகியும் தூக்கம் வரல, சாப்பாடு எறங்கல, யாரையும் பாக்கப் புடிக்கல, செத்துப் போலாமான்னு நெனப்பு வருதுன்னா அது ரிட்டயர் ஆனதால வர்ற சோம்பேறித்தனம் கெடையாது, கிளினிக்ல டொக்டர்கிட்ட வாய விட்டுச் சொல்லுங்க, இல்லாட்டி 1926க்கு கோல் எடுங்க, தேசிய மனநல ஒதவி நம்பர்.

ஒத்து வரலன்னா

எடுத்த வேலை புடிக்கலன்னா விட்டுரலாம், இது செக்ரோல் இல்ல. பிள்ளைங்க சத்தம் தாங்கலியா, பாரம் நெரப்புற வேலைக்கு மாறுங்க. செய்பாகம் இடுப்ப முறிச்சிருச்சா, பூச்செடிப் பைக்கு மாறுங்க. சங்கத்துல இருந்து விலகுறதா இருந்தா மட்டும் ஒரு விசயம், கோவத்துல போன்ல சொல்லிட்டு நின்னுறாதீங்க. கணக்குக் கொப்பிய நாள் வரைக்கும் எழுதி, சந்தாக் காசு எவ்வளவு கையிலன்னு கடைசி வரியில போட்டு, ரெண்டு பேர் முன்னாடி எண்ணிக் குடுத்து, வாங்குனவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க, அந்தப் பக்கத்த பேத்தி போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்குங்க.